பெரிய கோயிலை விட்டு ஏழு கிலோமீட்டர்

மெரினா

பௌர்ணமி மாலைகளில் மெரினாவில் நீள லென்ஸ்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கடலைப் பார்த்து முக்காலியை விரித்துவிட்டு, சுண்டல் விற்கும் பையன்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே காத்திருப்பார்கள். நிலா வரும், படமும் வரும். வந்த படத்தில் கறுப்பு வானமும் வெள்ளை வட்டமும் மட்டும் இருக்கும். அதை மெரினாவில் எடுத்தாலும் மதுராந்தகத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். நிலாவுக்கு ஊர் கிடையாது. அதன் முன்னால் நிற்கும் பொருளுக்குத்தான் ஊர் உண்டு.

பெரம்பூரைச் சேர்ந்த ஓர் ஒளிப்படக்காரரைச் சித்ரா பௌர்ணமியை ஒட்டித் தஞ்சாவூருக்குக் கிளப்பியது இந்த எண்ணம்தான். கல்யாண வீடுகளில் படமெடுப்பது அவர் தொழில். நிலா, அவர் தனக்காக வைத்துக்கொண்ட வேலை. கூடவே அவருடைய அக்கா மகளும் வந்தாள். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவள். பெரம்பூர் வீட்டு மாடியில் நின்றால் நிலா எழுவது தெரியாது. எதிர் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் அது தலைகாட்டுவதற்குள் முக்கால் மணி நேரம் போயிருக்கும். சிவப்பும் மஞ்சளும் கழன்று வெளுத்திருக்கும். தொடுவானத்தையே பார்க்காமல் மாதக்கணக்கில் வாழ்ந்துவிட முடிகிற நகரம் அது.

தஞ்சாவூர்

முதல் மாலை சதுர்த்தசி. அன்று நிலா ஐந்தரை மணிக்கே எழுந்துவிட்டது. வெயில் காய்ந்துகொண்டிருந்த நீல வானத்தில் அதைக் கண்டுபிடிக்கவே கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. ஆறரை மணிக்குச் சூரியன் இறங்கி, படமெடுக்கிற வெளிச்சம் வந்தபோது நிலா ஏறக்குறைய 14 டிகிரி உயரத்துக்குப் போயிருந்தது.

பெரிய கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது என்பதால் அனுமதி வாங்காமல் உள்ளே முக்காலி வைக்க முடியாது. அவர்கள் மேற்கு மதிலுக்கு வெளியே, அகழியைத் தாண்டி நின்றார்கள். கி.பி. 1010-இல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த விமானம் 216 அடி. ஏறத்தாழ 66 மீட்டர். 14 டிகிரி உயரத்தில் நிற்கும் நிலாவைக் கலசத்தின் அருகே கொண்டுவர வேண்டுமானால், கோயிலிலிருந்து முந்நூறு மீட்டருக்குள்தான் நிற்க வேண்டும்.

நின்றார்கள். விமானத்தின் உச்சி பிரம்மாண்டமாக நிறைந்தது. அதன் தோளில் நிலா, கலசத்தைவிடச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு சிக்கல். கலசத்துக்கு போகஸ் வைத்தால் நிலா கலங்கியது. நிலாவுக்கு வைத்தால் கலசம் கரைந்தது. 600 மில்லிமீட்டர் லென்ஸில் அப்பர்ச்சரை எஃப் 11 வரை குறுக்கினாலும், நிலாவுக்கு போகஸ் செய்தால் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவை மட்டுமே கூர்மையாக விழும்.

“பெரிய லென்ஸ் போட்டா நிலா பெருசாத்தானே மாமா வரணும்?” என்றாள் மருமகள்.

“நிலாவும் பெருசாகும், கோயிலும் பெருசாகும். லென்ஸ் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் செய்யும். கோயிலைச் சின்னதாக்கணும்னா நாம பின்னால போகணும்.”

டெலிபோட்டோ நிலாப் படங்களின் சூட்சுமம் அவ்வளவுதான். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர்; பூமியிலிருந்து அதன் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். அதாவது தன் விட்டத்தைப்போல ஏறக்குறைய 110 மடங்கு தொலைவில் அது நிற்கிறது. எந்தப் பொருளையும் அதன் உயரத்தைப்போல 110 மடங்கு தள்ளி நின்று பார்த்தால், அது நிலாவின் அளவாகவே தெரியும். 66 மீட்டர் விமானத்துக்கு அந்தத் தொலைவு ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே போய் நின்றால் நிலாவும் பெரிய கோயிலும் ஒரே உயரம். லென்ஸின் வேலை, அந்த இரண்டையும் சேர்த்து வெட்டி எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். 600 மில்லிமீட்டரை 110-ஆல் வகுத்தால், சென்ஸாரில் விழும் நிலாவின் அளவு கிடைத்துவிடும்: ஐந்தரை மில்லிமீட்டர்.

அன்றிரவு இட்லிக்குக் கடப்பா கிடைத்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணக்கத் தளதளவென்று வரும் இந்தத் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழம்பு சென்னையில் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இந்தப் பதம் வருவதில்லை. மருமகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டே கைபேசி வரைபடத்தில் விமானத்திலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்தாள்.

தஞ்சைக்கு மேற்கே

பௌர்ணமி நிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். சித்திரையில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி மறைவதால், நிலா கிழக்கிலிருந்து தெற்கே ஒதுங்கி எழும். அப்படியானால் படமெடுப்பவர் கோயிலுக்கு மேற்கே, கொஞ்சம் வடக்குத் தள்ளி நிற்க வேண்டும். கோடு போடுவது சுலபம். தரையில் அந்தக் கோட்டின் மேல் விமானம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைப் பிடிப்பதுதான் பாடு. தென்னந்தோப்பு மறைத்தது, அரிசி ஆலை மறைத்தது, செல்போன் கோபுரம் குறுக்கே வந்தது. வண்டியை நிறுத்துவதும் வரப்பில் ஏறிப் பார்ப்பதுமாகக் காலைப் பொழுது முழுவதும் கழிந்தது.

கோடைத் தஞ்சாவூர் பலர் மனத்தில் இருக்கும் பச்சைத் தஞ்சாவூர் அல்ல. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பதுதான் வழக்கம். அதுவரை வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். போர் தண்ணீர் உள்ளவர்களின் வயல் மட்டும் திட்டுத் திட்டாகப் பச்சை. மற்றதெல்லாம் தாள் காய்ந்த தரிசு. படமெடுப்பவர்களுக்கு அது வசதியாகவே அமைந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி.

அந்தத் தரிசில் ஒரு கிடை போட்டிருந்தது. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருவார்கள். இரவில் ஆடுகளை வயலில் அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வலைக்கிடையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, இவர்கள் முக்காலியை நகர்த்தி நகர்த்தி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தத் தேடுறீக தம்பி?”

“நிலா வர்ற இடத்தைப் பார்க்கிறோம்யா. கோயிலுக்குப் பின்னால வரணும்.”

பெரியவர் எழுந்து வந்தார். கையிலிருந்த கம்பை நீட்டினார். “நேத்து அந்த ஒத்தப் பனைக்கு இந்தப் பக்கம் வந்துச்சு. இன்னிக்கு இன்னும் தெக்க தள்ளித்தேன் வரும். தாயி, நீ நிக்கிற எடத்துலேர்ந்து வடக்க ஒரு நாலு வரப்பு போ.”

மருமகள் கைபேசியில் கணக்கைத் திரும்பப் போட்டாள். இந்தப் பருவத்தில் பௌர்ணமியை ஒட்டி நிலா நாளுக்கு நாள் தெற்கே இறங்குகிறது என்பதும், அவர்கள் இன்னும் வடக்கே போக வேண்டும் என்பதும் சரியாகவே இருந்தன. கிடைக்குக் காவல் இருப்பவர் இரவெல்லாம் வானத்தின் கீழேதான் படுக்கிறார். அவருடைய அறிவு எந்தச் செயலிக்கும் குறைந்ததில்லை. நாலு வரப்பு நடந்து, முக்காலியின் நடுத்தண்டில் மண் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள்.

இந்த முறை பௌர்ணமி முழுமை பெறும் கணம் பின்னிரவை நெருங்கி விழுந்ததால், நிலா எழுவதும் சூரியன் மறைவதும் பத்து நிமிட இடைவெளிக்குள் அமைந்தன. ஒளிப்படக்காரர் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பல மாதங்கள் காத்திருந்தது இதற்காகத்தான். முதுகுக்குப் பின்னால் சாயும் வெயில் விமானத்தின் மேற்கு முகத்தில் விழுகிறது. அதே வெயில் நிலாவிலும் விழுகிறது. இரண்டுமே வெயில் படும் கல். நிலாத் தரை அப்படியொன்றும் வெள்ளையல்ல. விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார்ச்சாலை அளவுக்கு. இருட்டில் தனித்துத் தெரிவதால்தான் அது பால்போலத் தோன்றுகிறது. உச்சி வானத்து நிலாவுக்கு ஒளிப்படக்காரர்கள் வைக்கும் கணக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஷட்டர் நூறில் ஒரு நொடி. ஏறக்குறைய பகல் வெளிச்சத்தில் ஒரு கருங்கல்லைப் படமெடுக்கும் கணக்குதான் அது. தொடுவானத்தில் தூசியும் காற்றும் ஒளியைக் குடித்துவிடுவதால் பல மடங்கு கூடுதலாகத் திறக்க வேண்டிவரும்.

நிலா எழ வேண்டிய நேரம் வந்தது. நிலா வரவில்லை.

விமானம் மட்டும் மர உச்சிகளுக்கு மேல் செம்மஞ்சளாக நின்றது. லென்ஸ் வழியே பார்த்தால் அதுவும் நிலையாக நிற்கவில்லை. பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து எழும் சூட்டில் விளிம்புகள் நெளிந்தன. ஏழு கிலோமீட்டர் கானலை ஊடுருவிப் பார்க்கிற லென்ஸுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

“அந்தா” என்றார் கீதாரி.

முதலில் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிறப் புழுதிக்குள் சாம்பலைவிட ஒரு சாயல் மட்டும் சிவந்து, விமானத்தின் சிகரத்துக்குப் பின்னால் ஒரு வளைவு இருந்தது. சற்று நசுங்கிய வளைவு. தொடுவானத்தில் காற்று ஒளியை வளைப்பதால் நிலாவின் கீழ்ப்பக்கம் மேல்நோக்கித் தூக்கப்பட்டு வட்டம் குறுகும். பிறகு அது நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. தன் அகலத்தைக் கடக்க நிலா எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டே நிமிடம். சிகரம் வட்டத்தின் நடுவில் இருந்தது, கலசம் மட்டும் உள்ளே இருந்தது, பிறகு கலசத்தின் நுனியை விட்டு வட்டம் கழன்றது. அவர் ஷட்டரை விடவே இல்லை. மருமகள் விரலை நீட்டி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சூரியன் மறைந்த பிறகு கணக்கு வேகமாக மாறுகிறது. கல்லின் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறது. நிலாவோ புழுதியைத் தாண்டி ஏற ஏறப் பிரகாசமாகிறது. கால் மணி நேரத்துக்கு மேல் இரண்டையும் ஒரே படத்தில் பிடித்து வைக்க முடியாது. 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துச் சாலையோரத்தில் ஒளிப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸுக்கு நேர்ந்ததும் இந்த நெருக்கடிதான். கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். ஒளிமானி கையில் அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததை எடுப்பதற்குள் சிலுவைகளில் வெயில் இல்லை. தேதியை அவர் குறித்து வைத்திருக்கவில்லை. நிலா நின்ற இடத்தை வைத்து அந்த நாளையும் நிமிடத்தையும் பிற்பாடு வானியலாளர்கள்தான் கணித்துச் சொன்னார்கள்.

கீதாரி கேமராவின் திரையில் படத்தைப் பார்த்தார். நிலாவைவிடக் கோயிலை வெகுநேரம் பார்த்தார். “இம்புட்டுத் தூரத்துக்குத் தெரியுதே” என்றார்.

அதன்பிறகு மருமகள் கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரல் நகத்தால் நிலாவை மறைத்துக் காட்டினாள். தொடுவானத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியும் நிலா நகத்தின் பாதிக்குள் அடங்கிவிடுகிறது. உச்சிக்குப் போன பிறகும் அதே பாதிதான். பெரிதாகத் தெரிவது மனம் செய்யும் வேலை. கேமராவுக்கு அந்த மயக்கம் கிடையாது. நேரில் பார்த்து வியந்து கைபேசியில் எடுத்தவர்களெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

ராமநாதபுரம் சாலை

மறுநாள் மண்டபத்தை நோக்கிக் கிளம்பினார்கள். புதுக்கோட்டையைத் தாண்டினால் மண் சிவக்கிறது. தேவகோட்டையைத் தாண்டினால் வெளுக்கிறது. வயல் போய்க் கண்மாய் வருகிறது, தென்னை போய்ப் பனை வருகிறது, எங்கும் சீமைக்கருவேலம். ஆடுகள் ஏன் இங்கிருந்து தஞ்சாவூருக்கு நடக்கின்றன என்பதை இந்தச் சாலையில் போனால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

சித்திரை, நுங்குக்காலம். சாலையோரம் பனையோலைப் பந்தலின் கீழ் ஓர் அம்மாள் அரிவாளால் சீவிச் சீவிக் கொடுத்தார். இளம் நுங்கைத் தோலோடு, முற்றியதைத் தோல் உரித்து, பதநீரில் போட்டு ஓலைப் பட்டையில். சென்னையில் தட்டில் அடுக்கி ஐஸ் வைத்து விற்கும் நுங்குக்கு இந்த நீரோட்டம் இருக்காது. ராமநாதபுரத்தில் கீழக்கரைத் தொதல் வாங்கிக்கொண்டார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் நெடுநேரம் கிளறப்பட்டுக் கறுத்து, எண்ணெய் கக்கி நிற்கும் இனிப்பு அது; கடல் கடந்து இலங்கையிலும் அதே பெயரில் கிண்டுகிறார்கள்.

மண்டபம்

பௌர்ணமிக்கு மறுநாள் நிலா முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தாமதித்து வரும். அதற்குள் வானம் இருட்டிவிடும். எனவே மண்டபத்தில் தஞ்சாவூர்க் கணக்கு செல்லாது, இங்கே நிழலுருவம்தான்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்துக் கடலைக் கடந்து நின்றன. பழையதில் தூக்குப் பகுதி நடுவில் பிரிந்து இரு பக்கமும் சாய்ந்து எழுவதாக இருந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். அந்தத் தூக்குக் கோபுரங்களுக்குப் பின்னால் நிலாவை நிறுத்த வேண்டும் என்பது திட்டம். பாலத்துக்கு வடக்கே கரையோரமாக இடம் பார்த்தார்கள்.

இடம் கிடைத்தது. காற்று விடவில்லை. 600 மில்லிமீட்டர் லென்ஸில் முக்காலியின் சிறு நடுக்கமும் படத்தில் பூதாகரமாகத் தெரியும். கால்களைச் சுருக்கி முக்காலியைத் தரையோடு தாழ்த்தி, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வத்தைப் படகின் மறைவில் ஒண்டிக்கொண்டார்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால் படகுகளெல்லாம் கரையணைந்து கிடந்தன. நாட்டுப்படகுகள் மட்டும் போகலாம். ஆனால் அன்று போனவை சொற்பம்.

“நெலாக் காலத்துல என்னத்தக் கெடைக்கும்?” என்றார், பல்லில் நூலைக் கடித்து வலை முடைந்துகொண்டிருந்த மீனவர். “வெளிச்சத்துல வல தெரிஞ்சுபோவும். மீனு வெலகிரும். இருட்டு வரட்டும், அப்பப் பாருங்க. நீங்க நெலாவுக்குக் காத்திருக்கீக, நாங்க அது போறதுக்குக் காத்திருக்கோம்.”

ஏழு மணி தாண்டி நிலா எழுந்தபோது அது உருகிய செம்பு நிறத்தில் இருந்தது. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் அதன் மேல் கோடு கோடாக விழுந்தன. அவர் ஐ.எஸ்.ஓ.-வை 1600-க்கு ஏற்றினார். ஷட்டரை மெதுவாக்கினால் காற்றும் கெடுக்கும், நிலாவின் ஓட்டமும் கெடுக்கும் என்பதால் படத்தில் கொஞ்சம் மணல்போலப் புள்ளிகள் படிந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார். நல்ல முடிவு. மீனவரின் வீட்டிலிருந்து அப்போது வந்த சோறும் பாறைமீன் குழம்பும், புளியும் தேங்காயும் தூக்கலாக, கண்ணில் நீர் வரவைக்கும் காரத்தோடு இருந்தன. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொன்னார்கள். காசு பற்றிய பேச்சையே எடுக்க விடவில்லை.

தனுஷ்கோடி

விடிந்ததும் தனுஷ்கோடிக்குப் போனார்கள். மாலையில் அங்கே தங்க விடுவதில்லை. காலை நிலாவுக்குத் தடையில்லை. தேய்பிறையின் தொடக்கத்தில் நிலா சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் வரைகூட மேற்கு வானில் இருக்கும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் இந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. அந்த மாதப் பௌர்ணமி 19-ஆம் தேதி. நிலா தேயத் தொடங்கிய இரவுகளில் ஒன்றில்தான் அது நடந்தது. பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூரை இல்லை.

அவர்கள் தேவாலயத்துக்குக் கிழக்கே போய் மேற்கே பார்த்து நின்றார்கள். தஞ்சாவூரில் பார்த்த அமைப்பு அப்படியே திரும்பி நின்றது. இங்கே உதயச் சூரியன் முதுகில். பவளக்கல் மஞ்சளாக எரிந்தது. அதற்கு மேலே வெளிறிய நிலா. உயரம் பத்து டிகிரி இருந்ததால் நெருங்கித்தான் நிற்க வேண்டும். நூறு மீட்டரில் நிலாவின் அளவு ஒரு மீட்டர்கூட வராது. அவர் லென்ஸை 200 மில்லிமீட்டருக்கு இறக்கினார். சுவரும் நிலாவும் சேர்ந்து கூர்மையாக விழ அதுதான் வழி. நிலா சின்னதாகத்தான் வந்தது. இந்த இடத்துக்கு அந்த அளவே சரி. இடிந்த ஊரின் தலைமேல் பெரிய நிலாவை ஏற்றுவதில் நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது.

தேவாலயத்துக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் மீன் பொரிக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண், படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார். பார்த்துவிட்டு, “எங்க மாமியா இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் எடுத்தவுக. சுவத்த நல்லா எடுத்திருக்கீக. ஒரு காப்பி அனுப்புவீகளாண்ணே?” என்றார். மருமகள் அவரது கைபேசிக்கு அங்கேயே அனுப்பினாள்.

திரும்பும் வழியில் வண்டியில் மாமாவும் மருமகளும் அடுத்த கணக்கில் இறங்கிவிட்டார்கள். மார்கழிப் பௌர்ணமியில் சூரியன் தெற்கே இருப்பதால் நிலா வடகிழக்கில் எழும். அப்போது பெரிய கோயிலுக்குத் தென்மேற்கே, வல்லம் சாலைப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் தரை கொஞ்சம் மேடு என்பது வசதி. படுகையில் சம்பா கதிர் பிடித்திருக்கும். புழுதி இருக்காது, கானலும் இருக்காது. ஆனால் பனி இறங்கும். பனி எத்தனை மணிக்கு இறங்கும் என்று யாரிடம் கேட்பது என்றாள் மருமகள். கீதாரி அதற்குள் ஆடுகளோடு ஊர் திரும்பியிருப்பார்.